மரை போன ஆயில் சம்ப்பும் ஒரு சுருள் கம்பியும்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். காருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில், எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப்பின் அடியில் இருக்கும் ட்ரெய்ன் போல்ட், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட், இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். துணியை வைத்து அடைத்து, எப்படியோ மலையிறங்கி சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் காட்டியிருக்கிறார். "சம்ப் மாத்த வேண்டாமுங்க, ஹெலிகாயில் போட்டுத் தர்றேன், பழசை விடக் கெட்டியா இருக்கும்" என்றாராம் பட்டறைக்காரர். ஹெலிகாயில் என்பது மரை போன ஓட்டைக்குள் இறக்கும் ஒரு கம்பிச் சுருள். வீட்டில் பெரியப்பாவோ அது ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பட்டறைக்காரர் சொன்னது சரி. போன வருடம் என் வண்டிக்கும் இதேதான் நடந்தது. எப்படி ஒரு ரிப்பேர் புதியதை விட வலுவாக இருக்க முடியும் என்ற கேள்வி எனக்கும் வந்தது. பதில் தெரிந்த நாளிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே இருந்தேன்.

மரை என்பது சாய்தளத்தை உருளையின் மேல் சுற்றியது, பள்ளியில் படித்ததுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல கார்களில் ட்ரெய்ன் போல்ட் 14 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏற்றம். மரையின் நடுவில் ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 41 மில்லிமீட்டர் வரும், ஆக 27க்கு 1 என்ற சரிவு, இரண்டு டிகிரிதான். அவ்வளவு குறைந்த சரிவில் உராய்வே பிடித்து நிறுத்திவிடும் என்பதால்தான் இறுக்கிய போல்ட் தானாகக் கழல்வதில்லை.

ஆனால் அந்தச் சின்னச் சரிவு தரும் விசை சாதாரணமானதல்ல. இந்த அளவு போல்ட்டுக்குக் கம்பெனிகள் சொல்லும் முறுக்கு 35 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஸ்பானரை ஒரு கையால் நன்றாக இழுத்தால் வந்துவிடும். அதில் கிட்டத்தட்டப் பாதி போல்ட் தலையின் அடியில் உராய்வாகப் போகிறது, இன்னும் நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது, பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கே சுமார் ஒன்றேகால் டன் இழுவிசை, ஒரு சின்ன காரின் எடையை விட அதிகம்! ஸ்பானரில் அரை மீட்டருக்கு மேல் பைப்பை மாட்டி அதே பலத்தோடு முறுக்கினால் மூன்று மடங்காகிவிடும். டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் அதை நிறுத்துங்கள். அது மரையை வழுக்க வைப்பதால் அதே முறுக்குக்கு இழுவிசை இன்னும் ஏறும், பிய்ந்த துணுக்கு ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டவும் செய்யும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

போல்ட்டில் எட்டு மரைச் சுற்று பிடித்திருந்தால் சுமை எட்டாகச் சமமாகப் பிரியும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படிப் பிரிவதில்லை. இறுக்கும்போது போல்ட் இழுபடுகிறது, அதாவது அதன் மரைச் சுற்றுகள் ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழை அளவு விலகுகின்றன. சம்ப்பின் அலுமினியமோ தலைக்கு அடியில் நசுங்குகிறது, அங்கே சுற்றுகள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. அளவெடுத்துப் பொருத்திய இரண்டு ஏணிகளில் ஒன்றை இழுத்து மற்றொன்றை அமுக்கினால் படிகள் எப்படிப் பொருந்தும்? இந்தப் பொருத்தமின்மை தலைக்குப் பக்கத்தில்தான் அதிகம், அதனால் முதல் சுற்று மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுமையை வாங்கிக்கொள்கிறது. அடுத்தது அதைவிடக் குறைவு, கடைசிச் சுற்றுகள் பெயருக்கு இருக்கின்றன.

போல்ட் எஃகு, சம்ப் வார்ப்பு அலுமினியம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் இரும்பு உரசி அலுமினியம் தேய்கிறது, அதிகமாக முறுக்கிய ஒவ்வொரு முறையும் முதல் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கிறது. ஒருநாள் அது அறுந்ததும் அதன் சுமை இரண்டாவதின் தலையில் விழுகிறது, அப்புறம் மூன்றாவது, தையல் பிரிவது போல வரிசையாகப் போய்விடும். என் போல்ட்டை வெளியே எடுத்தபோது அதைச் சுற்றி ஒரு வெள்ளிச் சுருள் இருந்தது, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல. சம்ப்பின் மரை முழுசாக உரிந்து வந்திருந்தது.

இதற்கு மருந்தும் ஒரு சுருள்தான்.

ஹெலிகாயில் என்பது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் சுற்றிய ஒரு ஸ்பிரிங். கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, சாய்சதுரமாக இருக்கும். அந்த வடிவத்தால் சுருளின் வெளிப்பக்கம் ஒரு மரை, உள்பக்கம் ஒரு மரை. சம்ப்பின் ஓட்டையை 14.4 மில்லிமீட்டர் அளவுக்கு ட்ரில் போட்டு, அதற்கென்றே வரும் டேப் என்ற மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டுவார்கள், அதன் வெளி விட்டம் கிட்டத்தட்ட 16 வரும். சுருள் அந்த ஓட்டையை விடச் சற்றுப் பெரியது. எப்படி உள்ளே போகிறது? சுருளின் அடிமுனையில் கம்பி குறுக்கே மடங்கி ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, கருவி அதைப் பிடித்துச் சுழற்றும்போது சுருள் இறுகிச் சிறுத்து உள்ளே இறங்குகிறது. விட்டதும் விரிந்து சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நாக்கை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும், சம்ப்புக்குள் விழ விடக்கூடாது.

வலு எங்கிருந்து வருகிறது? ஒன்று, அலுமினியம் அறுபட வேண்டிய வட்டம் 14லிருந்து 16 ஆகிவிட்டது, பிடிக்கும் பரப்பு ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டது. இரண்டு, இனி போல்ட் உரசுவது எஃகின் மேல்தான், அலுமினியத்தை அது தொடவே போவதில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுருளின் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் அசைந்து கொடுக்கக்கூடியது. முதல் சுற்றில் சுமை ஏறியதும் அது துளி நகர்ந்து இடம் கொடுக்கிறது, சுமை அடுத்த சுற்றுக்குப் போகிறது, அது நகர்ந்து அதற்கடுத்ததற்கு. முதல் மரை அதிகமாகச் சுமந்த பாரத்தை எல்லாச் சுற்றுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. திடமான அலுமினியத்தில் செய்ய முடியாததை ஒரு வளையும் கம்பி செய்துவிடுகிறது. இதனால்தான் மென்மையான உலோகத்தில் மரை போட வேண்டிய விமான எஞ்சின்களில், எதுவும் கெட்டுப்போகாதபோதே, புதிதாகச் செய்யும்போதே இதைப் பொருத்துகிறார்கள்.

நம் ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. சேர்வராயன் மலை மேல் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது, கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்கிறது. என் காரின் சம்ப் எந்த மண்ணிலிருந்து வந்ததோ, ஆனால் இந்த ரிப்பேரில் சேரும் இரண்டு உலோகங்களும் நம் மாவட்டத்துக்குப் பழக்கமானவை.

ராசி விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவை மரியாதையோடுதான் மறுக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஸ்பானருக்குப் பொட்டு வைக்கிற நாம், அந்த ஸ்பானர் ஏன் அத்தனை நீளத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அந்த நீளம் போல்ட்டின் அளவுக்குத் தக்கபடி வைத்தது. வண்டியை விற்றால் மரை போன சம்ப் இன்னொருவர் தலையில் விழும், அவ்வளவுதான். உராய்வையும் தேய்மானத்தையும் தனித் துறையாகப் படிக்க 1966லேயே பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அறிக்கை கொடுத்தார்கள், ட்ரைபாலஜி என்ற பெயரே அதில்தான் வந்தது. நம் ஊர் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இதற்கென்று ஒரு நல்ல ஆய்வுக்கூடமும் அதற்குப் பணமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. லேத் பட்டறைகள் நிறைந்த ஊருக்கு ராக்கெட் ஆய்வு போலவே இதுவும் தேவை.

சரி, வாசகருக்கு. பட்டறையில் சம்ப்பைக் கழற்றி வேலை செய்தால் நல்லது. கழற்றாமல் செய்வதென்றால் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அலுமினியத் துகள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். முடிந்ததும் கொஞ்சம் மலிவான ஆயிலை மேலே ஊற்றிக் கீழே ஓடவிட்டு மிச்சத் துகளைக் கழுவ வேண்டும். ஆயிலைத் தடுப்பது மரை அல்ல, வாஷர். ஹெலிகாயில் கம்பிக்குப் பின்னால் சுருள் பாதையில் ஆயில் மெதுவாகக் கசிந்து வரலாம் என்பதால், சுருளை இறக்கும் முன் வெளி மரையில் சீலன்ட் ஒரு கோடு தடவச் சொல்லுங்கள். புது செப்பு வாஷர் போட்டு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் பெரியப்பாவையே முன் சீட்டில் உட்கார வைத்து மலையேறலாம்.