கருப்பை சொல்லும் வேட்டைக் கணக்கு

சுருக்குக் கம்பியில் சிக்கிச் செத்த விலங்குகளை உடற்கூறாய்வு செய்வது, வனவிலங்கு மருத்துவராக என் வேலைகளில் ஒன்று. தோலை அறுத்து இறங்கிய கம்பி, பல நேரம் எலும்பில் போய்த்தான் நின்றிருக்கும். காயத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, பெண் விலங்கென்றால் கருப்பையைத் திறந்து பார்ப்பேன். இறைச்சிக்காக நடக்கும் வேட்டையைக் காடு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ‘கிராஸ்கட்டர்’ எனப்படும் பெரிய கொறிவிலங்கு ஒரே ஈற்றில் நான்கைந்து குட்டிகள் போடும். அமேசான் காட்டில் வாழும், பன்றியைப் போன்ற பெரிய விலங்கான டபீர் ஏறக்குறைய 13 மாதம் சுமந்து ஒன்றே ஒன்றுதான் ஈனும். கொரில்லாவுக்கு அடுத்த குட்டி பிறக்க நான்கைந்து ஆண்டாகும். 1991இல் வனவிலங்கு ஆய்வாளர்களான ஜான் ராபின்சனும் கென்ட் ரெட்ஃபோர்டும் இந்த வேறுபாட்டை வைத்து ஒரு வரம்பு வகுத்தார்கள். ஆண்டுதோறும் புதிதாகப் பெருகுவதில், மிகக் குறைந்த ஆயுள் கொண்ட விலங்குகளில் 60 சதவீதம், அதற்கடுத்தவற்றில் 40, நீண்ட ஆயுள் கொண்டவற்றில் 20 வரைதான் வேட்டையாடி எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் முதலே கரையும்.

சுருக்குக் கம்பிக்கு இந்த வரம்பெல்லாம் தெரியாது. டைக்கர் எனும் சிறிய இரலைக்கு வைத்ததில் சிம்பன்சியின் கை மாட்டும். பிழைத்தாலும் விரல்கள் போய்விடும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் இப்படி 1.2 கோடிக்கு மேற்பட்ட சுருக்குகள் இருக்கலாம் என்று 2020இல் உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டது. வைத்தவர் திரும்பி வராவிட்டாலும் கம்பி பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்த இறைச்சி யாருக்கும் உணவாகாமல் அழுகும்.

காட்டு இறைச்சியை மட்டுமே நம்பி வாழ்வதென்றால், வெப்பமண்டல மழைக்காடு ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் தாங்கும். மரம் வெட்டப் போட்ட சாலை வழியே நகரமே வந்து கைநீட்டும்போது, தலைமுறைகளாக அங்கே வேட்டையாடி உண்பவரின் தட்டுதான் முதலில் காலியாகிறது. அவரையும், இறைச்சியை லாரியில் ஏற்றி விற்பவரையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

சந்தையில் வரத்து குறையவில்லையே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கானாவின் டாகோராடி நகரச் சந்தையிலும் வரத்து நிலையாகவே தெரிந்தது. ஆய்ந்து பார்த்தபோது, விற்பனைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் விலங்குகள். மெல்லப் பெருகுபவை அதற்கு முன்பே அற்றுப்போயிருந்தன. அதே கானாவில் 1970 முதல் 1998 வரையிலான பதிவுகளை ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது: மீன் வரத்து குறைந்த ஆண்டுகளில் வேட்டை கூடி, காட்டு விலங்குகளின் தொகை சரிந்தது. காட்டைக் காப்பதைப் பற்றிப் பேசும் இடங்களில் மீனைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெருவின் அமேசான் பகுதியில் யாவரி-மிரின் ஆற்றங்கரை வேட்டைக்காரர்கள், தாங்கள் உண்பதற்காகக் கொன்ற பெண் விலங்குகளின் கருப்பைகளைத் தாங்களாகவே ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். எந்த விலங்கு எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, அதில் எத்தனையை எடுக்கலாம் என்ற கணக்கு அவற்றிலிருந்துதான் போடப்பட்டது.