மழைத்தண்ணீர் கொஞ்சம் நிற்கட்டுமே

"சார், செடிகொடி எதுவும் வேண்டாம். பாம்பு வரும். வீட்டைச் சுத்தி முழுக்கப் பேவர் பிளாக் போட்டுடுங்க. கழுவி விட்டா பளிச்னு இருக்கும்."

தென்சென்னையில் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, வீடு கட்ட வரைபடம் கேட்டு வந்தவர் சொன்னது. ஆர்க்கிடெக்டாக இத்தனை வருடத்தில் இதே பேச்சை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர். மழை விட்ட பத்தாவது நிமிடம் வாசல் காய்ந்திருக்க வேண்டும், அதுதான் அவருக்கு நல்ல வீடு.

நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் சுமார் 22,000 லிட்டர் விழும். கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். சென்னையின் ஆண்டு மழை 140 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அப்படியென்றால் வருடத்துக்கு 3 லட்சம் லிட்டர். தரை முழுக்கக் கல் பாவிவிட்டால் அத்தனையும் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. எதிர்வீட்டிலும் அப்படித்தான், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். ஐப்பசியில் முட்டளவு தண்ணீர் நிற்கும் தெரு, சித்திரையில் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடக்கிறது. 2015இல் நகரமே மூழ்கியது. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நடுவில் நாலே வருடம்.

இதற்கு விடை தேடி எங்கேயும் பறக்க வேண்டியதில்லை. தென்சென்னையிலேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும்.

சதுப்பு நிலம் தண்ணீரை விரட்டுவதில்லை. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் வெள்ளம் அங்கே வந்ததும் ஆழம் குறைந்து அகலமாகப் பரவுகிறது. கோரையும் சம்பும் அதன் வேகத்தை உடைக்கின்றன. வேகம் குறைந்தால் வண்டல் அடியில் தங்கும்; வேர்களை அண்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அதன்பிறகு நிதானமாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. பம்பு கிடையாது, மின்சாரக் கட்டணம் கிடையாது.

கோடையில் இந்தச் சதுப்பின் ஓரங்கள் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அப்போது பார்ப்பவருக்கு அது சும்மா கிடக்கும் பொட்டல். நம் நகரம் செய்த பெரிய தவறு இந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்பேன். காலியாக இருப்பதுதான் அந்த இடத்தின் வேலை. வருடத்தில் பத்து நாள் வரப்போகும் வெள்ளத்துக்காக மீதி நாளெல்லாம் இடம் பிடித்து வைத்திருக்கிறது. நாம் அதில் குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், அலுவலகங்கள் கட்டினோம். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம். 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்த எல்லைக்குள் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது என்று சொன்னால் பெருமை பேசுவதாக நினைப்பீர்கள். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல், தெற்கே போனால் ஏந்தல் என்று முடியும் ஊர்கள். தாங்குவது, ஏந்துவது. நீர்நிலைக்குப் பெயர் வைக்கும்போதே அது செய்யும் வேலையைச் சொல்லிவிட்டார்கள். ஏரிக்கு மதகு மட்டும் வைக்கவில்லை, கலங்கலும் வைத்தார்கள். கொள்ளளவுக்கு மேல் வருவது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது.

இந்தக் கலங்கல் விஷயத்தை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சீனாவில் 2015இல் 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பாஞ்ச் சிட்டி' திட்டத்தைத் தொடங்கினார்கள். பூங்காவும் சதுப்பும் தண்ணீர் இறங்கும் நடைபாதையுமாக, நகரமே பஞ்சுபோல மழையை உறிஞ்ச வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் இதே வழியில் பெரும் பணம் செலவழித்த செங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து ஆட்கள் இறந்தார்கள். எந்தப் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் வருவதற்கு வழி விட்டிருக்கிறோமா என்று கேட்காமல் 'இயற்கை வழி' என்று பெயர் சூட்டினால் ஆபத்து.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. இலை வடிவத்தில் கூரை, சிப்பி வடிவத்தில் முகப்பு வரைந்து 'நேச்சர் கான்செப்ட்' என்று விற்கிறார்கள். உள்ளே நாள் முழுக்க ஏ.சி. ஓடும். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தைப் பாருங்கள். மிக் பியர்ஸ் வடிவமைத்தது. கறையான் புற்றிலிருந்து யோசனை பிறந்தது என்பார்கள், ஆனால் பார்வைக்குப் புற்று மாதிரி இருக்காது. இரவின் குளிர்காற்றை உள்ளே இழுத்து கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியை மெல்ல விடுகிறது. எடுத்துக்கொண்டது புற்றின் வேலையை.

சரி, நம் ஒரு கிரவுண்டுக்காரருக்கு என்ன செய்தோம்? பேவர் பிளாக்கை கார் ஏறும் இடத்தோடு நிறுத்தினோம். பின்பக்கம் முக்கால் அடி தாழ்வாக ஒரு பள்ளம் விட்டு, மேல்மண்ணோடு மணல் கலந்து, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம். மொட்டைமாடித் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக, தூர்ந்து கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரி அதில் இறங்குகிறது. பள்ளம் நிரம்பினால் வழிந்து வெளியே போக ஒரு குழாய். வரைபடத்தில் அதற்கு நான் எழுதிய பெயர் கலங்கல். மேஸ்திரிக்கு உடனே புரிந்தது, இன்ஜினியருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. நான் பார்க்கப் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே சேறு இறுகிக் கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள், ஜல்லியை அள்ளி அலசிப் போட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தொட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

போன வடகிழக்குப் பருவத்தின் முதல் கனமழை அன்று இரவு போன் வந்தது.

"சார், பின்னாடி தண்ணி நிக்குது சார்!"

"நிற்கட்டும் சார். அதுக்குத்தானே விட்டோம்."

கொசு வருமே என்றார். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும், அதற்குள் வடிந்துவிடும் என்றேன். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மறுநாள் மதியம் அவரே படம் அனுப்பினார். பள்ளத்தில் தண்ணீர் இல்லை, ஈரமண் மட்டும். பாம்பு இதுவரை வரவில்லையாம். தவளை வந்திருக்கிறது, ராத்திரியெல்லாம் தூங்க விடுவதில்லை என்று இப்போது அதற்கு ஒரு புகார்.