தடைக்காலமும் லித்தியம் மாத்திரையும்

ஏப்ரல் 15 வந்துட்டா வடசென்னை காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கரையில நின்னுடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டுக்குப் போறவங்க, ஐஸ் உடைக்கிறவங்க, கூடையில மீன் விக்கிற அக்காங்க எல்லாருக்கும் கையில காசு இல்லாத நேரம், அதோட கத்திரி வெயில் வேற மண்டைய பொளக்கும். பைபோலார்ங்கிற, மனசு அளவுக்கு மீறி பொங்குறதும் ஒரேயடியா சோர்ந்து போறதும் மாறி மாறி வர்ற மனநோய் இருந்து, அதுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இந்த ரெண்டு மாசத்துல தனியா ஒரு ஆபத்து இருக்கு. அது மனசுல ஆரம்பிக்கிறது இல்ல, கிட்னில ஆரம்பிக்குது.

லித்தியம் ஒரு உப்பு, சாப்பாட்டு உப்புல இருக்கிற சோடியமும் இதுவும் கெமிஸ்ட்ரில ஒரே குடும்பம். 1949ல ஆஸ்திரேலியால ஜான் கேட்ங்கிற டாக்டர்தான் மேனியா, அதாவது அந்த மனசு பொங்குற நிலை, இருந்தவங்களுக்கு இதைக் குடுத்து அடங்குறதைப் பாத்து எழுதினார், இத்தனை வருஷம் ஆகியும் பைபோலாருக்கு இது முன் வரிசை மருந்துதான். ஆனா உடம்பால இதை உடைக்க முடியாது, சாப்பிட்டது அப்படியே கிட்னி வழியா மூத்திரத்துல போயாகணும்.

கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது சோடியம், லித்தியம் ரெண்டுமே வடிஞ்சு வரும், அப்புறம் உடம்புக்கு வேணும்னு பெரும்பகுதி சோடியத்தை திரும்ப உள்ள இழுத்துக்கும், அந்த இடத்துல அதுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. வேர்த்து ஊத்தி தண்ணியும் உப்பும் கொறைஞ்சுட்டா, பஞ்ச காலத்துல அரிசிய பூட்டி வைக்கிற மாதிரி கிட்னி சோடியத்தை விடாம பிடிச்சுக்கும், கூடவே லித்தியமும் மாட்டிக்கும். அதே டோஸ்தான் சாப்பிடுறாங்க, ஆனா ரத்தத்துல அளவு ஏறிக்கிட்டே போகும். வழக்கமா ரத்த டெஸ்ட்ல லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோல் (mmol/L) வரைக்கும் வெச்சுப்பாங்க, 1.5 தாண்டினா விஷம் மாதிரி. ஆபத்துக்கும் மருந்துக்கும் நடுவுல இடைவெளி அவ்ளோதான்.

வாந்தி பேதி வந்தாலும் இதே கதை. பிரஷருக்காக திடீர்னு உப்பை நிறுத்தினாலும் இதே கதை. தோள் வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுறோமே, அதுவும் லித்தியத்தை வெளிய போக விடாது, பிரஷர் மாத்திரைல சிலதும் அப்படித்தான். வலிக்கு பாராசிட்டமால் பரவாயில்ல, ஆனா லித்தியம் சாப்பிடுறேன்னு கடைக்காரர்கிட்ட வாயத் தொறந்து சொல்லணும்.

அளவு ஏறினா கை பெருசா நடுங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். மத்தியான வெயில்ல ஒருத்தர் தள்ளாடி பேச்சு குழறி வந்தா தெருவுல என்ன நெனைப்பாங்க? குடிச்சிருக்கான்னு திண்ணையில படுக்க விட்டுட்டுப் போயிடுவாங்க. இது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு, ஏன்னா அந்த நேரத்துல அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. அடுத்த டோஸ் குடுக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போகணும், மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

இதைப் படிச்சுட்டு நல்லா இருக்கிறவங்க பயந்து மாத்திரைய நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா மேனியா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், தற்கொலை எண்ணமும் வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்கு கூலி போயிடும்னு நாள் தள்ளிப் போடுறது புரியுது, ஆனா மாத்திரை தீர்றதுக்கு முன்னாடியே வீட்டுல யாராவது ஒருத்தர் போய் கேட்டுடுங்க.

தடைக்காலம் முடிஞ்சா இன்னொரு சிக்கல். விடியறதுக்கு முன்னாடியே ஏலம், ராத்திரி முழுக்க முழிப்பு. பைபோலார் இருக்கிறவங்களுக்கு தூக்கம் கெட்டாலே, சில பேருக்கு ஒரு ராத்திரியிலயே, மேனியா கிளம்பிடும். தூக்கமே இல்லாம ஆனா களைப்பும் இல்லாம சுறுசுறுப்பா இருந்தா அதுதான் முதல் அறிகுறி, வேலைக்கு நல்லதுன்னு வீட்டுல சந்தோஷப்படாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆஸ்பத்திரி போக முடியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் போடலாம், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ லித்தியம் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், காலை மாத்திரை இருந்தா ரத்தம் குடுத்த பிறகுதான் போடணும், இல்லனா அளவு தப்பா காட்டும்.