திரை மங்கி ஒரு கேள்வி வந்தால்

சர்வீசுக்கு வரும் வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே அக்கவுண்ட்தான் இருக்கும். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் உருவாக்கியது. பல நேரம் பாஸ்வேர்டுகூட இருக்காது. விண்டோஸில் முதலில் உருவாகும் அக்கவுண்ட் அட்மின் அக்கவுண்டாகத்தான் அமையும், அதாவது மெஷினில் எதையும் மாற்றும் அதிகாரம் அதற்கு உண்டு. அதிலேயே அப்பா பேங்க் கணக்கு பார்க்கிறார், பையன் கேம் இறக்குகிறான்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது இன்னும் மோசம். அட்மினாக இருந்தால், நாம் திறக்கும் எந்த புரோகிராமும் கேட்காமலேயே மொத்த மெஷினையும் எடுத்துக்கொள்ளலாம். 2007-இல் அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோதுதான் யுஏசி (யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்) என்ற ஏற்பாடு வந்தது. அட்மினாகவே நுழைந்தாலும் புரோகிராம்கள் சாதாரண அதிகாரத்தில்தான் ஓடும். கூடுதலாக வேண்டுமென்றால் திரை மங்கி, யெஸ்ஸா நோவா என்று ஒரு பெட்டி கேட்கும். திரை மங்குவது அழகுக்காக அல்ல. மற்ற புரோகிராம்கள் உங்களுக்குப் பதிலாக யெஸ் அழுத்திவிடாதபடி அந்தப் பெட்டி தனித் திரையில் வருகிறது.

விஸ்டா இதைக் கேட்டுக் கேட்டே எல்லோரையும் கடுப்பேற்றியது. படிக்காமல் யெஸ் கொடுக்கும் பழக்கம் அன்று தொற்றியதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் பப்ளிஷர், அதாவது புரோகிராமை வெளியிட்டவர், பெயரைப் பாருங்கள். தெரியாத பப்ளிஷர் என்றால் மஞ்சள் நிறத்தில் வரும். நீலமாக இருந்தால் புரோகிராமில் யார் டிஜிட்டலாகக் கையெழுத்திட்டது என்பது தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல புரோகிராம் என்று அர்த்தமில்லை. நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாதபோது பெட்டி வந்தால், யோசிக்காமல் நோ.

காசு கொடுக்காமல் புரோகிராமை ஓட வைக்கும் கிராக் ஃபைல்களோடு ஒரு குறிப்பு வரும்: ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நாயையும் கட்டிப்போடச் சொல்வது போலத்தான். அதன்படி செய்த மெஷினை நான் சுத்தம் செய்து தருவதில்லை. ஃபைல்களை காப்பி எடுத்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவேன்.

சரி, என்ன செய்யலாம்? செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் புதிதாக ஓர் அக்கவுண்ட் உருவாக்கி, அதை அட்மினாக்கி, பாஸ்வேர்டு வையுங்கள். ஒருமுறை அதில் நுழைந்து பாருங்கள். அப்புறம் அங்கிருந்தபடியே பழைய அக்கவுண்டை அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றுங்கள். ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இனி அந்தப் பெட்டி வெறும் யெஸ்ஸோடு நிற்காது, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அதை மறந்தால் பெரிய தலைவலி; எங்காவது எழுதி வையுங்கள். பையனுக்கும் தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்.

இதனால் எல்லாம் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் போட்டோக்களை மாற்ற உங்களுக்கு அட்மின் அதிகாரம் தேவையில்லை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும் தேவையில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் அது பூட்டிவிடும். அதற்கு பேக்கப் ஒன்றுதான் வழி. எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. கஸ்டமர் கேர் என்று யாராவது போன் செய்து, ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மங்கிய அந்தத் தனித் திரை பல நேரம் அவருக்குத் தெரியாது, அவரால் அழுத்தவும் முடியாது. அதனால்தான் "யெஸ் கொடுங்க சார்" என்று அவசரப்படுத்துவார். அந்த இடத்தில் நோ கொடுத்து, வைஃபையைத் துண்டித்து, போனை வையுங்கள். அதற்கு முன்பே பேங்க் பக்கத்தைத் திறந்திருந்தால் உடனே பேங்குக்கும், சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கும் பேசுங்கள்.