மூக்கைத் தொட்டுப் பார்த்தால் போதாது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரைக் கேட்டாலும், நாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் சொல்வார்கள். மூக்கைத் தொட்டுப் பார், ஈரமாக இருந்தால் நல்லது, காய்ந்திருந்தால் காய்ச்சல். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறவறவென்று வீசும்போது நமக்கே உதடு வெடிக்கிறது. நாய் மூக்கு மட்டும் ஈரமாகவா இருக்கும்? தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் கிடக்கும். நல்ல காய்ச்சலிலும் மூக்கு ஈரமாக இருக்கலாம்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரி, இந்தப் பக்கம் மிருகாஸ்பத்திரி. பெயர்தான் வேறு, வரிசை ஒன்றுதான். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் நாட்டு நாய் மணியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஏனுங்க டாக்டரே, ரெண்டு நாளாச் சோத்தைத் தொடமாட்டேங்குதுங்க."

"முதல்ல இறக்கி விடுங்க, நடக்கட்டும்" என்றார் டாக்டர். கையைக்கூட நீட்டவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் சோதனை பாதி முடிந்துவிடுகிறது. நடையில் நொண்டல் உண்டா, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, மூச்சு எப்படிப் போகிறது? எல்லாம் தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை. தொட்ட மறுகணம் மூச்சும் நாடித்துடிப்பும் எகிறிவிடும். அப்புறம் எண்ணினால் கிடைப்பது நோயின் கணக்கல்ல, பயத்தின் கணக்கு. இளைப்பாறும் நாய் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 30 தடவை மூச்சு விடும். நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது வேறு விஷயம். அது உடம்பைக் குளிர்விக்க நாய் செய்யும் வேலை, அதை எண்ணிப் பயனில்லை. ஆனால் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் காத்திருக்கக் கூடாது, பெரும்பாலும் அவசரம்தான்.

வாயைத் திறப்பதற்கு முன் டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். வெறிநாய் ஊசி போட்டாச்சா? வேறு நாய் ஏதாவது கடித்ததா? இது ஒப்புக்குக் கேட்கும் கேள்வி இல்லை. வெறிநோயில் எல்லா நாயும் பாய்ந்து கடிப்பதில்லை. சிலவற்றுக்குத் தாடை செயலிழந்து தொங்கும், எச்சில் வழியும். பார்ப்பவர்கள் "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்று கையை உள்ளே விடுவார்கள். அந்த எச்சிலில்தான் வைரஸ் இருக்கிறது. அப்படிக் கை பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மணிக்கு ஊசி போட்டிருந்தது. டாக்டர் மேலுதட்டைத் தூக்கி ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தும்போது நுண் ரத்தக் குழாய்களில் இருக்கும் ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும். விரலை எடுத்த 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதயம் தள்ளும் ரத்தம் விளிம்பு வரை போய்ச் சேருகிறதா என்பதற்கு இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. நேரம் கூடினால் நீர்ச்சத்துக் குறைவு, ரத்த ஓட்டம் குலையும் அதிர்ச்சி நிலை, இதயத் தளர்ச்சி என்று சந்தேகம் ஓடும். நிறமும் பேசும். வெளிர் ஈறு என்றால் ரத்தச் சோகை, மஞ்சள் என்றால் கல்லீரல் கோளாறு அல்லது ரத்த அணுக்கள் உடைவது, நீலம் என்றால் ஆக்சிஜன் போதவில்லை. நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அப்போது கீழிமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பார்கள். மணிக்கும் அப்படித்தான் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது.

அடுத்து விரல்கள் நெறி, அதாவது நிணநீர்க் கணு, தேடின. தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னே, பின்னங்காலின் முழங்காலுக்குப் பின்னால். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவுவதுதான் சூட்சுமம். ஒரு பக்கம் பெருத்திருந்தால் மறுபக்கம் காட்டிக்கொடுக்கும். தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பியும் பக்கத்திலேயே இருப்பதால் புதிதாகப் படிப்பவர்கள் அதை நெறி என்று நினைத்து ஏமாறுவார்களாம். மணிக்குத் தோள் நெறி இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு.

ஸ்டெதாஸ்கோப் இடப்பக்கம், முழங்கை மடங்கி நெஞ்சில் படும் இடத்தில் போகிறது. கூடவே மறு கை தொடையின் உள்பக்கம் நாடியைப் பிடிக்கிறது. ஏன் இரண்டும் சேர்ந்து? காதில் கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ஒரு நாடி வர வேண்டும். துடிப்பு இருந்து நாடி வராவிட்டால், அந்தத் துடிப்பில் இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளவில்லை என்று அர்த்தம். நாயின் துடிப்பு சீராக இல்லையே என்று உடனே பயப்படவும் வேண்டாம்: மூச்சை இழுக்கும்போது வேகம் கூடி, விடும்போது குறைவது நல்ல நாய்க்கு இயல்புதான். மேசைமேல் பூனைக்கு அப்படிக் கேட்டால்தான் யோசிக்க வேண்டும். பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 துடிப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்த பூனைக்கு 140 முதல் 220.

வயிற்றில் மண்ணீரல் பெருத்துக் கைக்குத் தட்டுப்பட்டது. கடைசியாகத் தெர்மாமீட்டர், ஆசனவாயில். இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைக்கிறார்கள். எந்தப் பிராணிக்கும் பிடிக்காத வேலை இது, முதலில் செய்தால் மிச்சத்துக்கு ஒத்துழைக்காது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். நமக்கு அது காய்ச்சல்! நாயைத் தொட்டு "சுடுது" என்று சொல்வதில் பாதி இந்த வித்தியாசம்தான். மணிக்கு 104.

டாக்டர் பாதத்தை விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் கொட்டைப்பாக்கு நிறத்தில் மூன்று உண்ணி. வெளுத்த இமை, நெறி, மண்ணீரல், காய்ச்சல், உண்ணி: ஐந்தும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டின. காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். உண்ணிக் காய்ச்சல்தானா என்று அதில் தேடிப் பார்ப்பார்கள்.

அப்புறம் என் முறை, என் கடுவன் பூனை. டாக்டர் கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, அடித்தட்டில் உட்கார்ந்தபடியே பூனையைத் துண்டால் மூடிப் பார்த்தார். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும் பழைய முறையை இப்போது பலரும் விட்டுவிட்டார்கள். அது பூனையின் பயத்தைக் கூட்டும். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பூனை குர்குர் என்று ஆரம்பித்துவிட்டது, இதயம் கேட்கவில்லை. டாக்டர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குக் காதைத் திருப்பிய பூனை குர்குரை நிறுத்தியது. அந்த அரை நிமிடம் போதுமாக இருந்தது.

நாக்குக்கு அடியிலும் பார்த்தார். பூனை விழுங்கும் நூலின் ஒரு முனை அங்கே சுற்றிக்கொண்டு, மறுமுனை குடலை அறுக்கும். அப்புறம் அடிவயிறு. மூத்திரப்பை சின்னதாக, மெத்தென்று இருந்தால் சரி. கடுவன் பூனைக்கு அது எலுமிச்சை போலக் கெட்டியாக இருந்து, மணலில் முக்கிக்கொண்டும் இருந்தால் அடைப்பு. ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

"காதெல்லாம் சுடுதுன்னு பாராசிட்டமால் ஏதும் குடுக்கலியே?" என்றார். பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் நொதி போதாது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே உயிரைப் பறிக்கும். ரத்தத்தால் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறும். நான் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று நினைத்தது உண்மை.

பெரியவருக்கு ஒரு வீட்டுப்பாடமும் கிடைத்தது: மணி தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வைக்க வேண்டும், 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் கூப்பிட வேண்டும். போன வாரம் அவர் வீட்டைக் கடந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திப் பேசாதே என்று சாடை காட்டினார். முடிந்தபின் சொன்னார்: "பதினெட்டுங்க."