வால் அறுந்த முழக்கம்

வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப்போட்ட அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் சுவர்கள் அந்த ஓசையைச் சற்று நேரம் தமக்குள் வீசி விளையாடும். பிறகு மெல்ல ஓயும். இயற்பியல் பாடநூலில் இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். அறை பெரிதா சிறிதா என்று காதுக்குச் சொல்வது இந்த வால்தான். அது ஓய்வதற்குள் பாதியிலேயே பட்டென்று அறுந்துவிட்டால் எப்படி இருக்கும்? 80களின் ஆங்கில பாப் பாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் டிரம்ஸ் ஓசை அதுதான்.

1979-இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆங்கில ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம் பதிவானது. சில பாடல்களுக்கு டிரம்ஸ் ஃபில் காலின்ஸ், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பொறியாளர் ஹ்யூ பாட்ஜம். (இங்கே தயாரிப்பாளர் என்றால் நம் சினிமாவில் பணம் போடும் முதலாளி அல்ல, பதிவு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்.)

டிரம்ஸ் இருந்த அறைக்குக் கல் சுவர்கள். கல் ஒலியை விழுங்காது, திருப்பி அடிக்கும். அங்கே ஒரு மைக் தொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொறியாளரிடம் வாத்தியக்காரர்கள் பேசுவதற்கானது அது, பதிவுக்கானதல்ல. மூலையில் நின்று முணுமுணுத்தாலும் கேட்க வேண்டுமே என்று, எஸ்எஸ்எல் நிறுவனத்தின் ஒலிக்கலவை மேசையில் அதற்கு மிகக் கடுமையான கம்ப்ரசரை வைத்திருந்தார்கள். உரத்த ஓசையை அமுக்கி, மெல்லிய ஓசையைத் தூக்கிவிடுவது கம்ப்ரசரின் வேலை. காலின்ஸ் வாசித்தபோது அந்த மைக் திறந்திருந்தது. அடி அமுங்கியது, அடிக்குப் பின்னால் கல் சுவர்கள் எழுப்பிய முழக்கமோ அடிக்கு நிகராக எழுந்து நின்றது.

அதே மேசையில் ஒவ்வொரு தடத்துக்கும் நாய்ஸ் கேட் என்ற மின்னணுக் கதவும் உண்டு. ஓசை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் சாத்திக்கொள்ளும். முழக்கத்தின் மேல் இதைப் பூட்டியதும் வால் அறுந்தது: பிரம்மாண்டமான ஓசை, உடனே மௌனம். இயற்கையில் எந்த அறையும் இப்படி ஒலிப்பதில்லை. அந்த மைக்கைப் பதிவுநாடாவுடன் இணைக்க மேசையில் வழியே இல்லாததால், பாட்ஜம் கம்பிகளை மாற்றி இணைக்கச் செய்தார்.

ஆல்பத்தில் சிம்பலே (டிரம்ஸோடு சேர்ந்த உலோகத் தட்டு) கூடாது என்று கேப்ரியல் சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. சிம்பல் நெடுநேரம் அதிரும். கம்ப்ரசர் அதையும் தூக்கிவிடும். கதவு சாத்தவே சாத்தாது.

1980-இல் வெளியான அந்த ஆல்பத்தின் முதல் பாடல் 'இன்ட்ரூடர்' தொடங்குவதே இந்த டிரம்ஸில்தான். பாடலை எழுதியவர் என்ற இடத்தில் கேப்ரியல் பெயர் மட்டுமே இருக்கிறது. மெட்டும் வரியும் எழுதியவருக்குத்தான் அந்த இடம். ஓசையைக் கண்டெடுத்தவருக்கு அதில் பங்கில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பாடல் மறந்த பிறகும் நினைவில் நிற்பது அந்த அடிதான்.

காலின்ஸும் பாட்ஜமும் 1981-இல் வெளியான 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் இதை மறுபடி எடுத்தார்கள். மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு சின்ன டிரம் மெஷின் மட்டும் தாளம் போடுகிறது. அதற்குப் பிறகே உண்மையான டிரம்ஸ் வந்து விழுகிறது. சில ஆண்டுகளில் கல் சுவரும் தேவைப்படவில்லை. ஏஎம்எஸ் நிறுவனத்தின் ஆர்எம்எக்ஸ்16 என்ற டிஜிட்டல் கருவியில் 'நான்லின்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், தரைவிரிப்பு போட்ட சிறிய அறையில் அடித்த டிரம்ஸும் அப்படியே முழங்கி, அப்படியே அறுந்தது.