புஜ்ஜியின் கிண்ணம் காலியானால் யார் பொறுப்பு?

நான்காம் வகுப்பு ஸ்மார்ட் போர்டின் திரையில், பிள்ளைகள் ஒரு செயலியில் வளர்க்கும் நாய்க்குட்டி காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் புஜ்ஜி. "புஜ்ஜிக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "பசி மிஸ்", "தூக்கம் மிஸ்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அதிகம் வாய் திறக்காத ஒரு சிறுமி கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அதுகூட யாரும் விளையாட வரல மிஸ்."

அவளிடம் "எப்படிம்மா இருக்கே?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நல்லா இருக்கேன் மிஸ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

பள்ளி ஆலோசகராக இருக்கும் எனக்கு, திரையில் வளர்க்கும் இந்தச் செல்லப்பிராணிகள் பிடித்துப்போனது இதனால்தான். தன் வருத்தத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாத பிள்ளை, குட்டியின் வருத்தத்தைத் தயங்காமல் சொல்லிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் இருக்கும் ஒரு கற்பனை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்த பிள்ளைகள், தங்களுக்காகப் படித்ததைவிட அதிக நேரம் செலவிட்டுப் படித்தார்கள். இன்னொரு உயிர் நம்மை நம்பி இருக்கிறது என்ற எண்ணமே பிள்ளைகளை அப்படி இழுக்கிறது.

அதே எண்ணம் காயப்படுத்தவும் செய்யும். அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் புஜ்ஜியின் சாப்பாட்டை வகுப்புப் புள்ளிகளோடு இணைத்திருந்தோம். வீட்டுப்பாடம் முடித்தால் புள்ளி ஏறும், கிண்ணம் நிறையும். ஒரு நாள் ஒரு பையன் நோட்டு கொண்டுவரவில்லை. புள்ளி குறைந்தது, கிண்ணம் காலி. இன்டர்வெல்லில் நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு, "உன்னாலதான்டா புஜ்ஜி பட்டினி" என்றார்கள். அடுத்த இரண்டு நாள் வயிற்றுவலி என்று அவன் பள்ளிக்கே வரவில்லை. அக்கறையைச் சொல்லித்தர வைத்த குட்டியை வைத்தே ஒரு பிள்ளையை ஒதுக்க நாங்கள் வழி செய்துவிட்டோம்.

அன்றே புள்ளிகளைத் துண்டித்தோம். தினம் இரண்டு பேர், வருகைப் பதிவு வரிசைப்படி, புஜ்ஜியைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணுக்கும் ஒழுக்கத்துக்கும் அதில் இடமில்லை. அந்தப் பையனின் முறை வந்தபோது, மணி அடித்த பிறகும் குட்டி தண்ணீரை முழுவதும் குடித்து முடிக்கும்வரை போர்டு பக்கத்திலேயே நின்றான்.

ஆசிரியர்களே, எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: கவனிக்காமல் விட்டால் குட்டிக்கு என்ன ஆகும்? 1996-இல் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோச்சி பலருக்கு நினைவிருக்கும். முட்டை வடிவம், மூன்றே பட்டன். தொடர்ந்து கவனிக்காவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் செத்துப்போகும். அதனாலேயே பிள்ளைகள் அதைப் பள்ளிக்குத் தூக்கிவர, பல நாடுகளில் பள்ளிகள் தடை போட்டன. நம் வகுப்பிலோ அரையாண்டு விடுமுறை வரும், மழை லீவு வரும். திரும்பி வரும்போது செத்த நாய்க்குட்டியைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது. நிறுத்திவைக்கும் வசதி இல்லாத செயலி வகுப்புக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பிள்ளைகளின் பெயர், படம் எதையும் அதில் ஏற்றாதீர்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைப் பொதுவான விதியாக வைத்திருக்கிறது.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். "புஜ்ஜியை அவங்க அப்பா அடிக்கிறார்" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அது வெறும் கற்பனையாகவும் இருக்கலாம். வகுப்பின் முன்னால் துருவிக் கேட்காதீர்கள். "பாவம், புஜ்ஜிக்குப் பயமா இருக்கும்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். பிறகு தனியே உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் பேசவிடுங்கள்; பள்ளி ஆலோசகரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆபத்து என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான அந்த உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது.